கைக்கு வேலை, காதுக்குக் கதை

வாசகர் கேள்வி – பதில்

வண்டி ஓட்டும்போதும் வீட்டு வேலை செய்யும்போதும் பாட்காஸ்ட் (போனில் வேண்டியபோது போட்டுக் கேட்கிற ஒலி நிகழ்ச்சி) கேட்கிறவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால், இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்களா என்று மனசு நிறைந்துவிட்டது. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: காலை 5 மணிக்கு அடுப்படிக்குள் போனால் எட்டரை வரை வெளியே வர முடியாது. பாட்காஸ்ட் கேட்கத் தொடங்கிய பிறகு அந்த நேரம் பாரமாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு நாள் கதையில் மூழ்கி விசிலை எண்ணாமல் விட்டு, பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நிறுத்திவிட வேண்டியதுதானா?
— வாசகி, ஈரோடு

நிறுத்தாதீர்கள் சகோதரி. எந்த வேலையின்போது கேட்பது, எந்த வேலையின்போது அணைப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது எல்லாம் கை பழகிப்போன வேலைகள், கை தன்பாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கும், அப்போது கதை, பேட்டி, வரலாறு எது வேண்டுமானாலும் ஓடட்டும். எண்ண வேண்டிய, அளக்க வேண்டிய, பதம் பார்க்க வேண்டிய வேலை வந்தால் அணைத்துவிடுங்கள். சமையலில் பாதி வேலை காதுக்குத்தான் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. கடுகு வெடித்து அடங்குவதைக் கேட்டுத்தானே உளுந்தைப் போடுகிறோம்? வடை போட்டதும் எண்ணெய் சடசடவென்று சத்தம் போடும், அந்தச் சத்தம் குறைந்து வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். காதில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் இதெல்லாம் நழுவிவிடும்.

பருப்பு வேகிற நேரத்திலும் கேட்டே ஆக வேண்டுமா, விசிலை நம்பாமல் போனில் டைமர் வைத்துவிடுங்கள், பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தாலும் அலாரம் குறுக்கே அடிக்கும். ஈரக் கையும் மாவுக் கையுமாகத் திரையைத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது, அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று பகுதிகளை வரிசையில் போட்டுவிடுங்கள். மிக்சி ஓடும்போது சத்தத்தைக் கூட்டாதீர்கள், அந்த ஒரு நிமிஷம் நிறுத்தி வைப்பதுதான் நல்லது. போனைக் காலிச் சொம்புக்குள் வைத்துக் கேட்கிற வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, சத்தம் கூடும்தான், ஆனால் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி அடுப்புக்குத் தள்ளி அலமாரி மேல் வைத்துவிடுங்கள். காதும் திறந்திருக்கும், காலிங் பெல்லும் கேட்கும்.

கேள்வி: வேலை பெங்களூரில், வீடு சேலத்தில். வாரக் கடைசியில் காரில் தனியாகத்தான் வந்து போகிறேன். வழி முழுக்க பாட்காஸ்ட்தான் துணை. கவனம் சிதறும் என்கிறார் அப்பா, தூக்கம் வராமல் இருக்கும் என்கிறான் நண்பன். யார் சொல்வது சரி?
— வாசகர், சேலம்

அப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நண்பர் சொல்வதை நம்பி வண்டி எடுக்காதீர்கள்.

முதலில் கவனம். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு, அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் அறக்கட்டளைக்காக இதையே அளந்து பார்த்து 2013-இல் வெளியிட்டது. வேறெதுவும் செய்யாமல் வண்டி மட்டும் ஓட்டினால் மனசுக்கு ஏறும் சுமை 1 என்றும், ஓட்டிக்கொண்டே கணக்குப் போட்டு, சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கடினமான வேலைக்கு 5 என்றும் வைத்துக்கொண்டார்கள். ரேடியோ கேட்டால் 1.21. ஒலிப்புத்தகம் கேட்டால் 1.75. கையில் பிடிக்காமல் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் போன் பேசினாலும் 2.27, கையில் பிடித்துப் பேசினால் 2.45, மெசேஜை வாயால் சொல்லி அனுப்பினால் 3.06. பாட்காஸ்டும் ஒலிப்புத்தகம் மாதிரிதான், அதனால் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கணக்கு. சுமை இல்லாமல் இல்லை, ஆனால் ப்ளூடூத்தில் ஆபீஸ் கால் பேசிக்கொண்டு வருவதைவிடக் குறைவு. போனில் இருக்கிற ஆள் நாம் பதில் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். பாட்காஸ்டில் பேசுகிறவர் காத்திருப்பதில்லை, லாரி குறுக்கே வந்தால் அவர் பேசுவதை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைப் பார்க்கலாம், அது எவ்வளவு பெரிய சௌகரியம்.

அந்தச் சௌகரியத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிஷப் பேச்சு மனசில் பதியவே இல்லை என்று தெரிந்தால் கவலைப்படாதீர்கள், கவனம் ரோட்டுக்குப் போயிருக்கிறது, போக வேண்டிய இடம் அதுதான். விட்டதைப் பின்னோக்கி ஓட்டிக் கேட்கிறேன் என்று போனைத் தொட மட்டும் வேண்டாம். ஆனால் கதை வரிக்கு வரி நினைவிருந்து, கடந்து வந்த அஞ்சு கிலோமீட்டர் நினைவில்லை என்றால் உடனே அணையுங்கள். கதை போனால் போகட்டும், ரோடு போகக் கூடாது.

இடம் பார்த்தும் அணைக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம், எத்தனை விபத்து நடந்த இடம் என்று சேலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே அணைத்துவிட்டு, பிரேக்கின் சத்தத்தையும் பின்னால் வருகிற லாரியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே இறங்குங்கள். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வரை நெரிசலில் ஊர்கிற நேரமும் அப்படித்தான், நின்று நின்று போகிறோமே, ஒன்றும் ஆகாது என்று நினைப்போம், பைக்குகள் இரண்டு பக்கமும் புகுந்து வருவது அங்கேதான். மழை, பனி, தெரியாத ஊர், மேப் பார்த்து ஓட்டும் இடம், எல்லாவற்றிலும் அணைத்துவிடலாம். கிருஷ்ணகிரி பக்கம் நேர் ரோடு, அளவான வேகம், பகல் வெளிச்சம் என்றால் நன்றாகக் கேளுங்கள். அதுதான் அதற்கான இடம்.

இனி தூக்கம். பாட்காஸ்ட் அலுப்பைப் போக்கும், தூக்கத்தைப் போக்காது. இரவு 2 மணியிலிருந்து விடிகிற வரைக்கும், மத்தியானம் சாப்பிட்ட பிறகும் உடம்பே தூக்கம் கேட்கும். அப்போது பேச்சு காதில் ஓடிக்கொண்டே இருக்கும், கண் மட்டும் ஒரு நொடி மூடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் வண்டி 22 மீட்டர் போய்விடும். கொட்டாவி தொடர்ந்து வந்தால், பெட்ரோல் பங்க்கோ நல்ல ஓட்டலோ பார்த்து நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிஷம் கண்ணை மூடிவிட்டுக் கிளம்புங்கள். அப்பாவிடம் நான் இப்படிச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சாப்பாடு டெலிவரி செய்கிறேன். பகல் முழுக்க பைக்தான். ஹெல்மெட்டுக்குள் ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக் கேட்கலாமா?
— வாசகர், சென்னை

வேண்டாம் தம்பி. ஒரு காதும் வேண்டாம். காரில் இருப்பவரைச் சுற்றித் தகரம் இருக்கிறது, உங்களைச் சுற்றி ஒன்றும் இல்லை. பின்னால் வருகிற பஸ் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை இரண்டு காதும் சேர்ந்துதான் சொல்லும், ஒன்றை அடைத்தால் திசை தெரியாது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. அதனால் ஓடுகிற பாட்காஸ்டை மாற்றுகிறேன் என்று கையில் எடுக்கவும் கூடாது. ஆர்டர் தயாராகும் வரை கடை வாசலில் காத்திருக்கிறீர்களே, அந்த நேரம் உங்களுடையது. ஸ்டாண்ட் போட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். 10, 15 நிமிஷத்துக்குள் முடிகிற செய்தித் தொகுப்புகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒன்று முடியும்.

கேள்வி: என் மனைவி இரவு அடுப்படி வேலை முடியும் வரை காதில் எதையோ மாட்டிக்கொண்டு இருக்கிறார். கூப்பிட்டால் கேட்பதில்லை. வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. எப்படிச் சொல்வது?
— வாசகர், மதுரை

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் பக்கமும் பாருங்கள். காலையிலிருந்து எல்லோர் பேச்சையும் கேட்டு, எல்லோருக்கும் பதில் சொல்லி, கடைசியில் பாத்திரம் தேய்க்கிற முக்கால் மணி நேரம்தான் அவருக்குப் பிடித்த ஒரு குரலை அவர் கேட்கிற நேரம். அதைப் பிடுங்காதீர்கள். அவரோடு பேச வேண்டும் என்றால் ஹாலில் இருந்து கூப்பிடாமல் அடுப்படிக்குப் போங்கள். ஒரு துண்டை எடுத்துக் கழுவின பாத்திரத்தைத் துடைத்து அடுக்குங்கள். அவர் கேட்பதை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, நீங்களும் கேளுங்கள். நாளாக ஆக அதைப் பற்றியே பேச்சு வரும், நிறைய வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

குழந்தை, வயதானவர் இருக்கிற வீட்டில் இரண்டு காதையும் அடைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லலாம். அது புகாராக இருக்காது.

கேள்வி: ஓய்வுபெற்றவன். தோட்ட வேலையின்போது யூடியூபில் கேட்கிறேன். திரை அணைந்தால் நின்றுவிடுகிறது, சட்டைப் பையில் வைத்தால் எதையாவது அழுத்திவிடுகிறது, டேட்டாவும் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. வழி உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

நல்ல வழியே உண்டு ஐயா. காசு கட்டாத யூடியூபில் பொதுவாக நம் ஊரில் திரை அணைந்தால் நின்றுவிடும், கேட்காத படத்துக்கும் சேர்த்து டேட்டா போகும். பாட்காஸ்டுக்கென்றே இருக்கிற ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆன்டெனாபாட் இலவசம், கணக்குத் தொடங்கச் சொல்லிக் கேட்காது, ஆப்புக்கென்று விளம்பரமும் கிடையாது. ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கூடவே வருகிறது. முன்பு பலர் வைத்திருந்த கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-இல் மூடப்பட்டுவிட்டது, யாராவது அதைச் சொன்னால் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

இந்த ஆப்பில் பிடித்த நிகழ்ச்சிக்கு ஒருமுறை சந்தா அழுத்திவிட்டால் (பெரும்பாலும் காசில்லாத சந்தாதான்) புதுப் பகுதி வரும்போது தானாகவே வந்து நிற்கும். வீட்டில் வைஃபை இருந்தால் இரவே இறக்கி வைத்துவிடுங்கள். பேச்சு மட்டும் உள்ள ஒலிக்கோப்பு 64 கேபிபிஎஸ் (ஒலித் தரத்தின் அளவு, எண் கூடினால் டேட்டாவும் கூடும்) தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி அளவுதான், 128 என்றால் 58 எம்பி. காலையில் போனைப் பூட்டிப் பையில் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடப் போகலாம். நிறுத்தவும் தொடரவும் இயர்போன் வயரில் இருக்கிற பொத்தானே போதும்.

கேள்வி: வேலை செய்யும்போது காதுக்கு ஏதாவது வேண்டும் என்பதெல்லாம் இந்தக் காலத்து நோய் என்கிறார் எங்கள் தாத்தா. அப்படியா?
— வாசகி, நாகர்கோவில்

தாத்தாவுக்கு நடவுப் பாட்டும் ஏற்றப் பாட்டும் தெரிந்திருக்கும், அவரிடமே கேட்டுப் பாருங்கள், இரண்டு வரியாவது பாடுவார். பாட்டு மட்டுமில்லை, படித்துக் காட்டுவதும் பழைய வழக்கம். கியூபாவில் ஹவானா நகரத்து எல் ஃபிகாரோ சுருட்டுத் தொழிற்சாலையில் 1865-இலேயே, தொழிலாளர்கள் சுருட்டும்போது ஒருவர் உட்கார்ந்து சத்தமாகப் பத்திரிகையும் நாவலும் படித்துக் காட்டினார். அவருக்குக் கூலி கொடுத்தது தொழிலாளர்களே. கேட்டுக் கேட்டு விவரம் தெரிந்துகொள்கிறார்களே என்று பயந்த அன்றைய ஆட்சி அடுத்த ஆண்டே தடை போட்டது, ஆனாலும் வழக்கம் பிழைத்துக்கொண்டது. இன்னும் பக்கத்தில் பார்த்தால், கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம் முன்பெல்லாம் பீடி சுற்றுகிற இடங்களில் ஒருவர் பேப்பர் படிப்பார், படிக்கிறவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுப்பார்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மனிதர்கள் மேல் பெரிய மரியாதை. இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டே தைத்த தையல்காரர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற இடத்திலெல்லாம் காது பசித்திருக்கிறது. அதை நோய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: விசைத்தறி ஓட்டுகிறேன். தறிச் சத்தத்தில் பாட்காஸ்ட் கேட்க முழுச் சத்தம் வைக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் காதில் "கீ" என்று ஒரு சத்தம். சாதாரணம்தானா?
— வாசகர், பள்ளிபாளையம்

சாதாரணம் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததிலிருந்து கவலையாக இருக்கிறது. தறிக்கூடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம், அதற்கு மேலே கேட்க வேண்டுமென்றால் இயர்போன் அதையும் மிஞ்ச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் காதுக்குள் போகிற சக்தி இரட்டிப்பாகிறது, பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. அப்படிப் பார்த்தால் 90 டெசிபலுக்கு வாரத்துக்கே 4 மணி நேரம்தான். நீங்கள் ஒரு ஷிஃப்டில் அதைத் தாண்டிவிடுகிறீர்கள், பாட்காஸ்ட் இல்லாமலேயே.

அதனால் தறிக்கூடத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டு, சத்தத்தைத் தடுக்கிற காதடைப்பான் போடுங்கள். மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும், விலை பெரிதில்லை. அந்த "கீ" சத்தம் காது கொடுக்கிற எச்சரிக்கை, தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். உள்காதில் ஒலியை வாங்குகிற மெல்லிய மயிர் செல்கள் செத்துப்போனால் மறுபடி முளைக்காது. பாட்காஸ்டை சாப்பாட்டு நேரத்திலும், வீட்டுக்கு நடந்து போகும் வழியிலும், இரவில் வாசலில் உட்கார்ந்தும் கேளுங்கள். போனின் சத்தம் அதன் முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்களுக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிற அடுப்படிக்கும் இதேதான். சுற்றிலும் சத்தமென்றால் நம்மையறியாமல் கூட்டிக்கொண்டே போய்விடுகிறோம்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டு வேலையும் என் தலையில்தான். துணி துவைக்கும்போது நடப்பு நிகழ்வுகள் பாட்காஸ்ட் கேட்கிறேன், எதுவும் மனதில் நிற்பதில்லை. வீணா?
— வாசகி, திண்டுக்கல்

வீண் இல்லை, வரிசைதான் மாற வேண்டும். புதிதாக ஒரு பாடத்தை முதல் தடவையே காதால் மட்டும் கேட்டுப் பிடிப்பது கஷ்டம், அதுவும் பெயரும் ஆண்டுமாக வரும்போது. முதலில் உட்கார்ந்து கண்ணால் படியுங்கள், சின்னக் குறிப்பு எழுதுங்கள். பிறகு அந்தக் குறிப்பை உங்கள் குரலிலேயே போனில் பதிவு செய்யுங்கள். கேள்வியைச் சொல்லிவிட்டு ஐந்து நொடி இடைவெளி விட்டு, அப்புறம் பதில். துவைக்கும்போது அதைப் போட்டால் இடைவெளியில் நீங்களே வாய்விட்டுப் பதில் சொல்லலாம், தப்பானால் அடுத்த நொடியே தெரிந்துவிடும். காசு செலவில்லாத பயிற்சி வகுப்பு இது.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: புத்தகம் படிக்கும்போதோ கணக்குப் போடும்போதோ பின்னால் எந்தப் பேச்சும் ஓடக் கூடாது. மனசுக்குள் நாம் சொல்லிப் பார்க்கிற சொற்களும் காதில் விழுகிற சொற்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்பது ஆய்வாளர்கள் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். தேர்வு நன்றாக எழுதுங்கள்.

கேள்வி: தமிழில் எதைக் கேட்கத் தொடங்கலாம்? ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது நல்லதா?
— வாசகி, யாழ்ப்பாணம்

கதை பிடிக்கும் என்றால் கதை ஓசை. நாவல்களையும் சிறுகதைகளையும் முழுதாகப் படித்துத் தருகிறார்கள், உச்சரிப்பு தெளிவு. செய்தியும் பேட்டியும் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் வானொலி தருகிற எஸ்பிஎஸ் தமிழ். புலம்பெயர்ந்த நம்மவர்களின் கதைகள் அதில் நிறைய வரும், ஈழத்துப் பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சும் கலந்து கேட்கும், உங்களுக்கு நெருக்கமாக இருக்கும். நாட்டுடைமையாகிவிட்ட பழைய எழுத்துகளைப் பலர் பலவிதமாக ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள், ஒரே கதையை இரண்டு மூன்று குரலில் ஐந்து ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, எந்தக் குரலோடு வேலை செய்ய முடிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். குரல் பிடிக்காவிட்டால் எவ்வளவு நல்ல கதையும் ஓடாது. தமிழ் பாட்காஸ்ட் செய்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: பேச்சுக்கு அடியில் இடைவிடாமல் இசை போடாதீர்கள், குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தோடு கேட்கிறவருக்கு ஒரு சொல்லும் புரிவதில்லை.

வேகம் பற்றி: இருவர் அரட்டையாகப் பேசுகிற பேட்டி என்றால் 1.25 தாராளமாக வைக்கலாம், செய்தித் தொகுப்புக்கு ஒன்றரைகூட ஒன்றும் செய்யாது. கதையை மட்டும் அதன் இயல்பான வேகத்திலேயே கேளுங்கள். படிக்கிறவர் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு விடுகிறார் என்றால் அதுவும் கதையில் சேர்த்திதான். இன்னொன்று, சில ஆப்களில் மௌனமான இடங்களைத் தானாகவே வெட்டிவிடுகிற அமைப்பு இருக்கும், கதைக்கு அதையும் அணைத்து வையுங்கள்.